இரத்தம் சரி, இரும்பு சரியா?



வாரத்தில் ஒரு நாள் பள்ளியில் உங்களுக்கு ஒரு நீல நிற மாத்திரை தருகிறார்கள் அல்லவா? உங்களில் பலர் அதை ஒழுங்காக விழுங்கிவிடுவீர்கள். சிலர், ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் ஜன்னலுக்கு வெளியே வீசிவிடுவீர்கள். நானும் ஓர் ஆசிரியன்தானே, எனக்குத் தெரியாதா?

அந்த மாத்திரையில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்பும் சிறிது ஃபோலிக் அமிலமும். வளரும் வயதில் உடலுக்கு இரும்பு மிகுதியாகத் தேவை. எனவே மாத்திரையை வீசாதீர்கள். ஆனால் இந்தக் கட்டுரை உங்களைப் பற்றியதன்று. உங்கள் வீட்டுத் திண்ணையிலோ கட்டிலிலோ உட்கார்ந்து, "முன்போல் முடியவில்லையப்பா" என்று பெருமூச்சு விடும் தாத்தாவையும் பாட்டியையும் பற்றியது. குறிப்பாக, இருதயம் தளர்ந்து போனவர்களைப் பற்றியது. அவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. இரும்பு இருக்கிறதா என்று தனியாக அளந்து பார்க்க வேண்டும். இதுவே என் கருத்து. இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று.

என் தந்தையாருக்கு எழுபது வயது. சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று டாக்டர்கள் கூறினார்கள். இதை இருதயச் செயலிழப்பு என்று தமிழில் எழுதுகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் இருதயம் நின்றே போய்விட்டது போல் தோன்றுகிறது. அப்படியல்ல. இருதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இறைக்க மட்டும் அதனால் இயலாது. மூச்சு வாங்கும், கால் வீங்கும், களைப்பு விடாது. ஆகவே 'இருதயத் தளர்ச்சி' என்றே நான் எழுதப் போகிறேன்.

மருந்துகளை அவர் தவறாமல் சாப்பிட்டு வந்தார். ஆயினும் எங்கள் வீட்டு மாடிக்குச் செல்லும் பதினான்கு படிகளை அவரால் ஏற முடியவில்லை. "மாடிக்குப் போயே மூணு மாசம் ஆச்சுடா" என்று அம்மா சொன்னபோது நான் இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 13.2 கிராம். ஆணுக்கு 13-க்குக் கீழே போனால்தான் இரத்தசோகை. "இரத்தம் சரியாக இருக்கிறது, அம்மா. வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று தீர்ப்புக் கூறிவிட்டேன். எட்டு மாதம் அந்தத் தீர்ப்பு நின்றது. ஒரு மீட்டரை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள் என்று ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்பவன் நான்!

பிறகு வேறொரு டாக்டர் கேட்டார்: "ஃபெரிட்டின் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. பார்த்தபோது இரும்பின் இருப்பு மிகக் குறைவு என்று தெரிந்தது.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போது இரும்பு எப்படிக் குறையும்? இந்தக் கேள்விக்கு விடை காண, முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

ஓர் ஆணியின் கணக்கு

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம்தான். சுவரில் காலண்டர் மாட்ட அடிக்கும் ஓர் ஆணியின் எடை! இரத்தத்தில் இரும்பு இருப்பதை 1740-களிலேயே இத்தாலியின் பொலோனா நகரில் மெங்கினி என்பவர் காட்டினார். இரத்தத்தை எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலின் துகள்கள் காந்தத்தில் ஒட்டுவதை அவர் கண்டார்.

உடலிலுள்ள இரும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 2.4 கிராம், சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அப்படியானால் ஒரு நாளில் 120-இல் ஒரு பங்கு அணுக்கள் அழிந்து, அதே அளவு புதிதாகப் பிறக்க வேண்டும். 2,400 மில்லிகிராமை 120-ஆல் வகுத்தால் 20 மில்லிகிராம். நாள்தோறும் இவ்வளவு இரும்பு வேண்டும்.

ஆனால் உணவிலிருந்து குடல் உறிஞ்சிக்கொள்வதோ நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மீதி எங்கிருந்து வருகிறது? "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!" என்று தெருவில் கூவிக்கொண்டு வரும் வியாபாரியைப் பார்த்திருக்கிறீர்களா? அவரைப் போன்ற அணுக்கள் நம் மண்ணீரலிலும் ஈரலிலும் இருக்கின்றன. கிழடான சிவப்பணுக்களைப் பிடித்து உடைத்து, இரும்பைப் பிரித்தெடுத்து, மீண்டும் எலும்பு மச்சைக்கு அனுப்பிவைக்கின்றன. உடலின் இரும்புத் தேவை பெரும்பாலும் இந்தப் பழைய இரும்பு வியாபாரத்தால்தான் நிறைவேறுகிறது.

உபரி இரும்பை உடல் சேமித்தும் வைக்கிறது. ஃபெரிட்டின் என்ற புரதம் உருண்டையான ஒரு கூடு. ஒரு கூட்டுக்குள் சுமார் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். கிராமத்து வீடுகளில் நெல்லைக் கொட்டி வைக்கும் குதிரை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் இருக்கும் சோற்றுப் பானைதான் ஹீமோகுளோபின், குதிர்தான் ஃபெரிட்டின். பஞ்சம் வரும்போது முதலில் காலியாவது எது? குதிர். பானை கடைசியில்தான் காலியாகும். பானையில் சோறு இருப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டில் நெல் இருக்கிறது என்று முடிவு கட்டலாமா? நான் அப்படித்தான் முடிவு கட்டினேன்.

இருதயத்துக்கு இரும்பு எதற்கு?

"பானையில்தான் சோறு இருக்கிறதே, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிறதே, பிறகென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இரும்பின் வேலை இரத்தத்தோடு முடிவதில்லை என்பதே அதற்குப் பதில்.

இருதயம் செய்யும் வேலையை நீங்களே கணக்கிடலாம். அழுத்தத்தைக் கன அளவால் பெருக்கினால் வேலை கிடைக்கும். இருதயத்தின் இடப்பக்கம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில், அதாவது 13,300 பாஸ்கல் அழுத்தத்தில், நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. 5 லிட்டர் என்பது 0.005 கன மீட்டர். பெருக்கினால் நிமிடத்துக்கு 66.5 ஜூல். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 96,000 ஜூல். ஆயிரம் கிலோ எடையைப் பத்து மீட்டர் உயரத்துக்கு, அதாவது ஏறக்குறைய மூன்றாவது மாடிக்கு, தூக்கும் வேலை இது. கைப்பிடி அளவுள்ள ஒரு தசை, ஒரு நாளும் விடுமுறை இல்லாமல், நாம் சும்மா படுத்திருக்கும்போதும் இதைச் செய்கிறது.

இந்த ஆற்றல் இருதயத் தசை அணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களில் உற்பத்தியாகிறது. உணவிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள் அங்கே ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்குக் கைமாறி, இறுதியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன. தீயணைக்கும்போது வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்களே, அதைப் போல. அந்த வரிசையில் நிற்கும் கைகள் பலவற்றில் இரும்பு இருக்கிறது. இரும்பு அயனி ஓர் எலெக்ட்ரானை வாங்கும்போது இரண்டு மின்னேற்றம் உடையதாகவும், கொடுக்கும்போது மூன்று மின்னேற்றம் உடையதாகவும் மாறி மாறி நிற்கும். இந்தக் குணம்தான் அதை அந்த வரிசைக்கு ஏற்றதாக்குகிறது.

இரும்பு குறைந்தால் வரிசையில் ஆள் குறைகிறது. ஆக்சிஜன் வாசல் வரை வந்து நின்றாலும், அதைப் பயன்படுத்தி ஆற்றலை எடுப்பது தடைப்படுகிறது. நல்ல இருதயம் உள்ளவர்களுக்கு இதனால் களைப்பு உண்டாகும். ஏற்கெனவே தளர்ந்த இருதயம் உள்ளவர்களுக்கோ இது இரட்டைச் சுமை. இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரும்புக் குறைவு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. அவர்களில் பலருக்கு இரத்தசோகை கிடையாது. எனவே ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தால் அவர்கள் நம் கண்ணில் படவே மாட்டார்கள்.

மாத்திரை ஏன் போதவில்லை?

"அப்படியானால் அந்த நீல மாத்திரையைத் தாத்தாவுக்குக் கொடுத்துவிடலாமே!" என்று யாராவது சொல்லக்கூடும். அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். இருதயத் தளர்ச்சியும் இரும்புக் குறைவும் உள்ள 225 பேரில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 300 மில்லிகிராம் இரும்பை வாய்வழியே 16 வாரம் கொடுத்தார்கள். உங்கள் வாராந்தர மாத்திரையைப் போல் ஐந்து மடங்கு, அதுவும் தினமும்! ஆனால் இரும்பின் இருப்பு சிறிதளவே உயர்ந்தது. உடற்பயிற்சியின்போது அவர்கள் பயன்படுத்திய ஆக்சிஜனின் அளவு, போலி மருந்து பெற்றவர்களைவிடக் கூடவில்லை.

காரணம் என்ன? குடலில் ஒரு வாயில் இருக்கிறது. அதற்கு ஒரு காவல்காரனும் உண்டு. ஹெப்சிடின் என்பது அவன் பெயர். ஈரலில் பிறக்கும் இந்தச் சிறிய புரதத்தை 2000-ஆம் ஆண்டையொட்டித்தான் கண்டுபிடித்தார்கள். உடலில் அழற்சி இருக்கும்போது ஹெப்சிடின் பெருகி, குடலிலிருந்து இரத்தத்துக்கு இரும்பு செல்லும் வாயிலை மூடிவிடுகிறது. சேமிப்பிலிருக்கும் இரும்பும் வெளியே வராது. கிருமிகளுக்கும் இரும்பு தேவை. அவற்றைப் பட்டினி போட உடல் கையாளும் தந்திரம் இது. காய்ச்சலின்போது அது நன்மையே. நாட்பட்ட நோயில் அதே பூட்டு நம்மையே பட்டினி போடுகிறது. 2017 ஆய்வில் ஹெப்சிடின் மிகுந்திருந்தவர்களுக்குத்தான் மாத்திரையால் கிடைத்த பயன் குறைவாக இருந்தது.

ஒரே இரும்பு உங்கள் உடலில் ஏறுகிறது; தாத்தாவின் உடலில் ஏறுவதில்லை. ஆகவே அவருக்குப் பின்வாசல் தேவை. அதுதான் இரத்தக் குழாய் வழியே நேரடியாக இரும்பைச் செலுத்தும் முறை. சர்க்கரை இனத்தைச் சேர்ந்த ஓர் உறைக்குள் இரும்பை அடக்கி மெதுவாகச் செலுத்துகிறார்கள்.

திரைக்குப் பின்னால் ஒரு சோதனை

என் தந்தையாருக்கும் இவ்வாறே மருத்துவமனையில் இரும்பு செலுத்தினார்கள். இரண்டு மாதம் கழித்து, நடுவில் ஒரு முறை நின்று, பதினான்கு படிகளையும் ஏறிவிட்டார். ஆயினும் நண்பர்களே, இதை நான் சான்றாகக் காட்ட மாட்டேன். ஒருவரின் கதை விஞ்ஞானமாகாது. மருந்து கொடுத்தார்கள் என்ற நம்பிக்கையே அவருக்குத் தெம்பு அளித்திருக்கலாம் அல்லவா?

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முயன்ற ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஸ்டெஃபான் ஆங்கர் என்ற ஜெர்மன் மருத்துவரும் அவர் தோழர்களும் 11 நாடுகளில் 459 நோயாளிகளைச் சேர்த்தார்கள். மூவரில் இருவருக்கு இரும்பு, ஒருவருக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியக்கூடாது. ஆனால் இரும்பு மருந்தின் நிறம் கரும்பழுப்பு. உப்பு நீரோ நிறமற்றது! என்ன செய்வது? கறுப்பு ஊசிக்குழாய்களையும் திரைகளையும் கொண்டு மருந்தை நோயாளியின் கண்ணிலிருந்து மறைத்தார்கள். மருந்தைச் செலுத்துபவருக்கு உண்மை தெரியும் என்பதால், நோயாளியின் நிலையை மதிப்பிடும் பொறுப்பை வேறு மருத்துவர்களிடம் விட்டார்கள். எளிய ஏற்பாடு, ஆனால் எவ்வளவு முக்கியமானது!

24 வாரத்துக்குப் பிறகு, "நன்றாகவே தேறியிருக்கிறேன்" என்று சொன்னவர்கள் இரும்பு பெற்ற நூறு பேரில் 50 பேர். உப்பு நீர் பெற்ற நூறு பேரில் 28 பேர். ஆறு நிமிடத்தில் நடந்த தூரம் இரும்பு பெற்றவர்களுக்குச் சராசரியாக 313 மீட்டர். மற்றவர்களுக்கு 277 மீட்டர். வேறுபாடு 36 மீட்டர், ஒரு பள்ளித் தாழ்வாரத்தின் நீளம். என் கட்சிக்கு வலுச் சேர்க்கும் முடிவு இனிமேல்தான்: இரத்தசோகை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பயன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

அந்த 28 பேரை மறந்துவிடாதீர்கள். உப்பு நீரிலேயே தேறியவர்கள் அவர்கள்! என் தந்தையார் அந்த 50 பேரைச் சேர்ந்தவரா, 28 பேரைச் சேர்ந்தவரா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மருந்தைத் தயாரித்த நிறுவனமே என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

பிறகு என்ன ஆயிற்று? 2022-இல் பிரிட்டனில் 1,137 பேரிடம் நடந்த ஆய்வில், மருத்துவமனையில் சேரும் தடவைகளும் இருதய மரணங்களும் சேர்ந்து நூற்றுக்கு 18 என்ற அளவில் குறைவாகத் தெரிந்தன. ஆனால் அது தற்செயலாக இருக்கலாம் என்பதை முற்றிலும் ஒதுக்க முடியவில்லை. 2023-இல் 3,065 பேரிடம் நடந்த பெரிய ஆய்வும், 2025-இல் 1,105 பேரிடம் நடந்த ஆய்வும், தமக்குத் தாமே முன்கூட்டி வகுத்துக்கொண்ட கண்டிப்பான அளவுகோலை எட்டவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நாம் சொல்லக்கூடியது இதுதான்: இரத்தம் இறைக்கும் திறன் குறைந்த இருதயத் தளர்ச்சியில், இரும்பு செலுத்தினால் பலருக்குத் தெம்பு கூடுகிறது, மருத்துவமனைக்கு ஓடும் தடவைகள் குறையக்கூடும், ஆயுள் நீளும் என்பதற்கு மட்டும் உறுதியான சான்று இல்லை.

என் கட்சி

"ஆயுள் நீளாதென்றால் எதற்கு இவ்வளவு பாடு? இதற்கு ஆகும் செலவை வேறு எதிலாவது செய்யலாமே" என்று சிலர் வாதிடுகிறார்கள். இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஊசி மருந்து மாத்திரையைப் போல மலிவானதன்று. ஆயுளை நீட்டும் என்று உறுதியான மற்ற இருதய மருந்துகளை விட்டுவிட்டு இதன் பின்னால் ஓடுவது மடமை. ஆனால் தானே குளிப்பதும், கடைத்தெரு வரை நடப்பதும், மாடியில் பேரக் குழந்தை பாடம் படிக்கும் அறைக்குப் போய் உட்காருவதும் சின்ன விஷயங்களா? நாட்களின் எண்ணிக்கையை மட்டும் அளந்தால் போதுமா? அந்த நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதையும் அளக்க வேண்டாமா?

சிகிச்சை யாருக்கு என்பதை டாக்டர்கள் முடிவு செய்யட்டும். அளந்து பார்ப்பதிலாவது தயக்கம் கூடாது. இருதயத் தளர்ச்சி உள்ள அனைவருக்கும் அவ்வப்போது இரும்பைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய இருதயவியல் கழகம் 2021-இல் பரிந்துரைத்தது. இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, ஃபெரிட்டின். மற்றொன்று, டிரான்ஸ்ஃபெரின் நிறைவு. டிரான்ஸ்ஃபெரின் என்பது இரத்தத்தில் இரும்பை ஏற்றிச் செல்லும் வண்டி. நூறு இருக்கைகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதே நிறைவு. அது 20-க்குக் கீழே இருந்தால் இரும்பு போதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஃபெரிட்டினை மட்டும் நம்பவும் முடியாது. அழற்சி இருந்தால் இரும்பு குறைவாக இருக்கும்போதே அது உயர்ந்து காட்டும். குதிர் பூட்டிக் கிடப்பதற்கும் நிறைந்திருப்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா? சர்க்கரைப் பரிசோதனையைப் போல் இந்த இரண்டு பரிசோதனைகளும் நம் ஊர் இருதய நோயாளிகளுக்கு வழக்கமாக நடக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

இரண்டு எச்சரிக்கைகளும் அவசியம். முதலாவது, இரும்பு குறைந்திருந்தால் ஏன் குறைந்தது என்று தேட வேண்டும். வயிற்றுப் புண்ணாலோ குடல் கட்டியாலோ இரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்துகொண்டிருக்கலாம். ஓட்டை இருக்கும் குதிரில் நெல்லைக் கொட்டி என்ன பயன்? இரண்டாவது, இரும்பு விளையாட்டுப் பொருளன்று. அளவு மீறினால் அதே இரும்பு ஈரலையும் இருதயத்தையும் கெடுக்கும். ஊசி வழியே செலுத்தும்போது அரிதாகக் கடுமையான ஒவ்வாமை ஏற்படலாம். அதனால்தான் மருத்துவமனையில் செலுத்திவிட்டு, அரை மணி நேரமாவது கண்காணிக்கிறார்கள். கடையில் டானிக் வாங்கி நாமே வைத்தியம் பார்ப்பது சரியல்ல. நானே அப்படி இரண்டு பாட்டில் வாங்கிக் கொடுத்தவன், ஃபெரிட்டின் அசையவில்லை.

என் தந்தையாருக்கு இருதயம் குணமாகிவிடவில்லை. இன்றும் இரண்டு தலையணை வைத்துத்தான் உறங்குகிறார். ஆனால் மாலையில் மாடிக்கு வருகிறார்.

உங்கள் வீட்டில் இருதயத் தளர்ச்சி உள்ளவர் யாரேனும் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். "ஐயா, தாத்தாவுக்கு இரும்பும் பார்த்தாயிற்றா?" என்று பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள். பார்த்திருந்தால் மகிழ்ச்சி. பார்க்காவிட்டால், உங்கள் கேள்வியால் பார்க்கப்படும். யாராவது "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று சொன்னால், "எதை அளந்து சொல்கிறீர்கள்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். எட்டு மாதம் தாமதித்த ஒருவன் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுவே.